நான் எப்போ சொன்னேன்?

மாந்திரீகர் மூன்றாவது முறையாக அதே குப்பைத் தொட்டியை இடித்தார்.

முதல் தடவை தொட்டி சாய்ந்தது. இரண்டாவது தடவை உருண்டது. இந்தத் தடவை, இனிமேல் பட என்ன இருக்கிறது என்ற விரக்தியில் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டது.

பக்கத்து சீட்டில் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாந்திரீகருக்கு அதுதான் பயமாக இருந்தது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்றால் கத்த வேண்டும். அதிலும் இந்த மாஸ்டர் கத்தினால் சிக்னலில் நிற்கிற மற்ற வண்டிக்காரர்களும் பயந்துபோய் கியர் மாற்றுவார்கள் என்று பேர்.

"சார், திட்டலையா?"

"திட்டி என்ன ஆகப்போகுது?"

"உடம்பு சரியில்லையா?"

"மனசு சரியில்லை. வண்டியை நியூட்ரல்ல போடுங்க. அது வைப்பர். அது இண்டிகேட்டர். விடுங்க, நானே போட்டுக்கறேன்."

மாந்திரீகருக்கு அன்றுதான் முதல் வகுப்பு. கூடு விட்டுக் கூடு பாயத் தெரிந்த மனிதர். கியர் விட்டு கியர் பாயத்தான் தெரியவில்லை.

"மனசுல இருக்கிறதைச் சொல்லிடுங்க சார். மத்தவங்க மனசுல இருக்கிறதைக் கேக்கிறதுதானே என் தொழில்" என்றார்.

மாஸ்டர் கொட்டித் தீர்த்துவிட்டார். டிரைவிங் ஸ்கூலின் முதலாளி அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுப்பதில் மச்சான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. மரியாதையைத் தவிர வேறு எதையும் கொடுத்ததுமில்லை. ஸ்கூல் ஆரம்பித்த காலத்தில் இருந்தது ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு மாஸ்டர். இரண்டும் இன்றைக்குவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. வண்டிக்காவது நடுவில் இஞ்சின் மாற்றினார்கள்.

"ரெண்டாவது ப்ராஞ்ச் திறந்தா சாவி உங்க கையிலதான் மாப்பிள்ளை" என்று மச்சான் வாய் நிறையச் சொல்லியிருந்தார். இப்போது ப்ராஞ்ச் தயார். காலையில் வெளியே உலர வைத்திருந்த புது போர்டைப் பார்த்தார் மாஸ்டர். பொறுப்பாளர் என்ற இடத்தில் மச்சானுடைய மனைவியின் தம்பி பேர் பளபளவென்று இருந்தது. எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரிவதால் அவனை எல்லாரும் கூலிங் கிளாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். லைசென்ஸ் டெஸ்டுக்கும் அதைப் போட்டுக்கொண்டே போய், அதிகாரி நின்ற இடத்தைப் பார்க்காமல் ஃபெயிலானவன்.

"நேரா மச்சான்கிட்ட போய்க் கேட்டேன் சார். என்ன சொன்னார் தெரியுமா? 'நான் எப்போ சொன்னேன் மாப்பிள்ளை?' அவ்வளவுதான். இத்தனை வருஷம் பக்கத்து சீட்டுலயே உக்காந்தாச்சு. இனி அந்தக் கண்ணாடிக்காரனுக்குக் கீழ பின் சீட்டு."

மாந்திரீகர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இந்த வியாதிக்கு என்கிட்ட ஒரு மந்திரம் இருக்கு. 'நான் எப்போ சொன்னேன்'னு சாதிச்சாப் போதும், அவர் சொன்னது அவர் குரல்லயே திரும்பி வரும்."

"எங்கிருந்து?"

"பக்கத்துல மூடி போட்டது எது இருக்கோ, அதுக்குள்ள இருந்து. பேசின பேச்சு எங்கேயும் போறதில்லை சார். எதையாவது மூடிக்கிட்டு உள்ளே உக்காந்திருக்கும்." கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கும் வேணுமா?" என்றார்.

"குடுங்க!"

மாந்திரீகர் பையைத் துழாவி ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். டீயில் கலந்து கொடுத்தால் போதுமாம்.

அன்று பிற்பகலே மாஸ்டர் அதை மச்சானின் டீயில் கொட்டினார். ஸ்பூன் கிடைக்கவில்லை. ஆள்காட்டி விரலாலேயே கலக்கினார். டீயில் விட்ட விரலை நக்காமல் துடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. மாஸ்டரும் நக்கினார்.

மச்சான் ஒரே மடக்கில் குடித்தார். மாஸ்டர் ஆசையோடு ஆரம்பித்தார்.

"மச்சான், அந்த ப்ராஞ்ச் விஷயம்…"

"வந்து பேசலாம் மாப்பிள்ளை. புது வண்டி எடுக்கக் கிளம்பிட்டேன். திறப்பு விழா அன்னைக்கு நேரா வண்டியோடதான் வருவேன்."

போயே போய்விட்டார்.

*

மந்திரம் அன்று சாயங்காலமே வேலை செய்தது. ஆனால் வேறு ஆளிடம்.

ஸ்கூலுக்கு வருகிற ஃபோன்களையெல்லாம் வீட்டில் மாஸ்டரின் மனைவிதான் எடுப்பாள். யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு, யாருக்கு ரிவர்ஸ் வரவில்லை, யார் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஸ்டியரிங்கைத் தொட்டதுதான் கிடையாது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். மாஸ்டர் மனைவி பாதசாரி.

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அவள் திரும்பினாள். "என்னங்க, இந்த ஞாயித்துக்கிழமையில இருந்து எனக்கு வண்டி கத்துத் தர்றேன்னு சொன்னீங்களே."

மாஸ்டர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, கல்யாணமான நாளிலிருந்து பழகிய வார்த்தையை யோசிக்காமல் எடுத்து விட்டார்.

"நான் எப்போ சொன்னேன்?"

குக்கர் விசில் அடிக்கவில்லை. பேசியது.

"ஞாயித்துக்கிழமையில இருந்து கத்துத் தர்றேன், போதுமா? இப்ப மேட்ச் பார்க்க விடு தாயே."

சந்தேகமே இல்லை, மாஸ்டரின் குரல். 'தாயே'வில் இருந்த அலுப்புகூட அப்படியே இருந்தது. மாஸ்டர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார்.

"குக்கர் பேசுது!"

"குக்கர் எங்கே பேசுது? பேசுறது நீங்க" என்றாள் மனைவி, அடுப்பைத் தணித்தபடி. வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இது வேற ஏதோ சத்தம். நான் அப்படிச் சொல்லவே இல்லை!"

இந்தத் தடவை வாஷிங் மெஷின். அது பெரிய பாத்திரம் என்பதால் நிறையப் பிடித்திருந்தது. "வேலை கொஞ்சம் குறையட்டும், கத்துத் தர்றேன்." "மழை விடட்டும், கத்துத் தர்றேன்." "உனக்குக் கத்துத் தராம ஊருக்கெல்லாம் கத்துத் தந்து என்ன புண்ணியம், சொல்லு?" கடைசியாக, கல்யாணமான புதிதில் பேசிய குரல் வந்தது. இளசான குரல். தேன் ஒழுகியது. "முதல்ல உனக்குத்தான் கண்ணு. உன்னைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்ட மாட்டேன். நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே வர்றேன்."

சமையலறையில் கத்தி நின்றது. மனைவி வாஷிங் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் என்று ஒன்று இருப்பது இந்த மாதிரி நேரங்களில் எல்லாருக்கும் வசதி.

மாஸ்டர் வராந்தாவுக்கு ஓடி மாந்திரீகருக்கு ஃபோன் போட்டார்.

"சார், விரலை நக்கிட்டேன்! எனக்கும் ஏறிடுச்சு!"

மறுமுனையில் இருமுவது போலவோ சிரிப்பது போலவோ ஏதோ கேட்டது.

"ஏறினது இறங்காது சார். சொன்னதைச் சொல்லலைன்னு சொல்லாம இருந்துக்கோங்க. அதான் பத்தியம்."

அவ்வளவுதானா என்று நினைத்தார் மாஸ்டர். வாயைத் திறந்தால்தானே? மௌனமாகவே ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

*

மறுநாள் காலை முதல் வகுப்பு பல் டாக்டருக்கு. கெட்டிக்காரப் பெண்மணி. வகுப்பில் சொன்னதை அப்படியே செய்வார். அவருடைய பிரச்சினையே அதுதான், சொன்னதை அப்படியே செய்வார்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். வாய் ஒன்று சொல்லும், கை வேறு பக்கம் காட்டும், மனசு மூன்றாவது பக்கம் போயிருக்கும். வண்டி தப்பாகத் திரும்பியதும் பழி ஓட்டுகிறவர் தலையில் விழும். இத்தனை வருஷமாகத் தடையில்லாமல் நடந்த தர்மம் இது.

ஒரு திருப்பத்தில் பல் டாக்டர் ஒன்வேக்குள் நுழைந்து, எதிரே வந்த பால் வண்டியின் முகத்துக்கு முன்னால் போய் நின்றார். மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கில் ஏறி நின்றார்.

"நீங்கதானே ரைட்னு சொன்னீங்க!" என்றார் பல் டாக்டர்.

மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். தலையாட்டினாலும் சாதிப்பது சாதிப்பதுதான் போலிருக்கிறது. டேஷ்போர்டு டப்பா கணீரென்று பேசியது.

"ரைட் எடுங்க, ரைட் எடுங்க. யோசிக்காதீங்க டாக்டரம்மா, யோசிச்சா வண்டி நின்னுடும்."

பல் டாக்டர் டப்பாவைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார்.

"இது புது வசதியா? நீங்க பேசுறதெல்லாம் ரெக்கார்டு ஆகுமா?"

"ஆமா… புதுசு…"

"நல்ல வசதி. என்னைப் பத்தி வேற என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

"ஐயோ, உங்களைப் பத்தி நான் தப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை டாக்டரம்மா!" வார்த்தை வெளியே வந்த பிறகுதான் மாஸ்டருக்குப் பத்தியம் ஞாபகம் வந்தது. பாய்ந்து டப்பாவின் மூடியை இரண்டு கையாலும் அழுத்தினார். மூடினால்தான் பேசும் என்பதும் அப்போது ஞாபகம் இல்லை.

"அந்தப் பல் டாக்டரா? அந்தம்மா வண்டி எடுத்தா லைட் கம்பமே ஒதுங்கி நிக்குதுப்பா. பல்லைப் பிடுங்கச் சொன்னா கியரைப் பிடுங்குது."

பால் வண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பல் டாக்டர் சிரிக்கவில்லை. அமைதியாக வண்டியைப் பின்னால் எடுத்தார். பிரமாதமாக எடுத்தார்.

"உங்க கடைவாய்ப் பல்லைப் பிடுங்கணும்னு வரச் சொல்லியிருந்தேனே மாஸ்டர். கண்டிப்பா வாங்க. மரத்துப்போற ஊசி தீர்ந்துடுச்சு. ஆனாலும் வாங்க."

*

மறுப்பு ஆபத்து, மௌனமும் ஆபத்து. மீதி இருப்பது ஒரே வழி. யார் எதைச் சொன்னாலும் "ஆமா, சொன்னேன்" என்று தலையைக் கொடுத்துவிடுவது.

இது இரண்டு நாள் சுகமாக ஓடியது. மூன்றாவது நாள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"மாஸ்டர், எங்க மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைக் கழுவித் தர்றேன்னு சொன்னீங்களே" என்றார் மாடி வீட்டுக்காரர்.

சொன்னோமா? சொல்லியிருக்கலாம். வாழ்க்கையில் எவ்வளவோ பேசியாயிற்று, யார் கண்டது? இல்லை என்று சொல்லப்போய் அந்தத் தொட்டியே வாயைத் திறந்தால், எட்டு வீட்டுக்குக் கேட்கும். "ஆமா, சொன்னேன்." கழுவினார். எதிர்வீட்டுக்காரருடைய மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தார். யாரோ ஒருவருடைய நாயைக் குளிப்பாட்டினார். நாய்க்கு மட்டும் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை என்பது நிச்சயமாகத் தெரிந்திருந்ததால் அது கடித்தது.

பிறகு வந்தான் கூலிங் கிளாஸ். ஸ்கூல் வாசலில் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் நிற்கும்போது, வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டான்.

"என்ன மாஸ்டர், புது ப்ராஞ்ச்ல எனக்கு உதவியாளா இருக்கேன்னு சொன்னீங்கல்ல?"

மாஸ்டர் கனவில்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பக்கத்திலேயே டூல்ஸ் பெட்டி இருந்தது. மூடி போட்டிருந்தது. போன வருஷம், மச்சான் முன்னால் நல்ல பேர் வாங்க ஏதாவது பல்லிளித்து வைத்திருந்தால்?

"ஆமா" என்றார். "சொன்னேன்."

கூலிங் கிளாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தான். "எல்லாரும் கேட்டீங்கல்ல?"

அப்போதுதான் மாஸ்டருக்கு விளங்கியது. இதுவரை சொல்லாத வார்த்தையை இப்போது சொல்லியாகிவிட்டது. இனி இல்லை என்று மறுத்தால் இந்த 'ஆமா'வே வந்து சாட்சி சொல்லும். மச்சான் பறித்ததாவது ப்ராஞ்சை. மாஸ்டர் தன் கையாலேயே தன் காலை வாரிவிட்டுக்கொண்டார்.

அன்று மாந்திரீகரின் வகுப்பில் வண்டி கிளம்பவே இல்லை.

"நான் அழிஞ்சேன் சார். ஏதாவது மாத்து சொல்லுங்க."

மாந்திரீகர் ஸ்டியரிங்கைத் தடவியபடி யோசித்தார். "ஒரே மாத்துதான். சொன்னதைச் செஞ்சு முடிச்சிட்டா அந்த வார்த்தைக்குத் திரும்பி வர வேலை இருக்காது. எது ரொம்பப் பழைய வார்த்தையோ அதுல இருந்து ஆரம்பிங்க."

எது ரொம்பப் பழையது என்று யோசிக்க மாஸ்டருக்கு நேரமாகவில்லை. வாஷிங் மெஷின் சொல்லியிருந்தது.

*

"ஏறு" என்றார் ஞாயிற்றுக்கிழமை காலையில். மனைவி டிரைவர் சீட்டில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் ஃபோனிலேயே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

"கிளட்சை விடு."

விட்டாள். வண்டி தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளி நின்றது.

"அறிவிருக்கா? ஒரேயடியா விடுன்னு நான் எப்போ…" மாஸ்டர் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். டப்பா அதற்குள் முடித்துவிட்டது: "கிளட்சை விடு."

அவ்வளவுதான் சொல்லியிருந்தார். மெதுவாக என்று சொல்லவில்லை. எவ்வளவு என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் டப்பாவைப் பார்த்தார்கள்.

"அதானே" என்றாள் மனைவி. "நீங்க சொன்னதைத்தானே நான் செஞ்சேன்?"

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மாஸ்டரானதிலிருந்து முதல் தடவையாக, சொல்வதற்கு முன்னால் யோசித்தார்.

"இடது காலைக் கொஞ்சமாத் தூக்கு. வண்டி லேசா நடுங்கும். நடுங்கினதும் காலை அப்படியே நிறுத்து. இப்ப வலது காலால கொஞ்சமா அழுத்து. பயப்படாதே, என் பக்கமும் பிரேக் இருக்கு."

வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்தது. தெரு முனை வந்தது, கடைத்தெரு வந்தது, பெரிய ரோடு வந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். ரோட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு தடவை மறந்துபோனது. அவளுக்கு மறக்கவில்லை, நல்ல காலம்.

அதன் பிறகு ஸ்கூலில் ஒரு அதிசயம் நடந்தது. வாய் சொன்னதைக் கையும் காட்ட ஆரம்பித்தது. ரைட் என்றால் ரைட். டப்பாவுக்குப் பயந்து மாஸ்டர் ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டு விட, கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது நேராகக் காலுக்குப் போயிற்று. பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கினார். மாந்திரீகர்கூட ரிவர்ஸில் குப்பைத் தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வந்து நின்றார். புது வண்டி கைக்கு வராமல் மச்சான் வெளியூரிலேயே இழுத்தடிபட்ட காலத்தில் மாஸ்டரின் மனைவி டெஸ்டுக்குப் போய், ஒரே தடவையில் பாஸாகி வந்துவிட்டாள்.

எல்லாம் சரி. ப்ராஞ்ச் மட்டும் கூலிங் கிளாஸ் கையில்.

*

திறப்பு விழா அன்று புது ப்ராஞ்ச் வாசலில் புது வண்டி ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. கற்றுக்கொண்டவர்கள், கற்றுக்கொள்கிறவர்கள், கற்றுக்கொள்ளவே வராமல் டீக்கு வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். மச்சான் சாவியைக் கையில் ஆட்டியபடி ஆரம்பித்தார்.

"இந்தப் பெரிய பொறுப்பைத் திறமையான ஒரு இளைஞர் கையில…"

கூலிங் கிளாஸ் முன்னால் வந்து கையை நீட்டினான்.

பின்னாலிருந்து மனைவி மாஸ்டரின் விலாவில் ஒரு குத்து விட்டாள். அந்தக் குத்தில் வார்த்தை வெளியே வந்து விழுந்தது.

"மச்சான்! அந்தச் சாவி எனக்குன்னு சொன்னீங்க."

மச்சான் மரியாதையாகச் சிரித்தார்.

"மாப்பிள்ளை, சபையில என்ன இது? நான் எப்போ சொன்னேன்?"

புது வண்டியின் டிக்கி கொஞ்சம் அதிர்ந்தது.

"மாப்பிள்ளை! நீங்க மட்டும் இல்லைன்னா இந்த ஸ்கூலை என்னைக்கோ இழுத்து மூடியிருப்பேன். ரெண்டாவது ப்ராஞ்ச் திறந்தா சாவி உங்க கையிலதான். வேற எவனுக்காவது குடுத்தா என்னைக் கழுதைன்னு கூப்பிடுங்க!"

மச்சான் டிக்கியைப் பார்த்தார். கூட்டம் மச்சானைப் பார்த்தது. கழுதை என்று யாரும் கூப்பிடவில்லை. ஆனால் எல்லாருக்கும் வாய் வரைக்கும் வந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"இது… இது எவனோ டிக்கிக்குள்ள… திறங்கடா அதை! நான் இந்தப் பையனைப் பத்தி உயர்வாத்தான் சொல்லியிருக்கேன், தாழ்வா ஒரு வார்த்தை சொன்னதில்லை!"

இந்தத் தடவை பானெட்.

"அவனா? ஸ்டெப்னியைக் காட்டி ஸ்டியரிங்னு சொன்னா நம்பிடுவான். வீட்டுல அக்காவும் தம்பியும் உயிரை வாங்குறாங்க, அதான் போர்டுல பேரைப் போட்டுத் தொலைச்சேன்."

கூலிங் கிளாஸ் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினான். அடியில் சாதாரண, பாவமான இரண்டு கண்கள் இருந்தன. ஆனாலும் விடவில்லை.

"அத்தான் சொன்னது கிடக்கட்டும். மாஸ்டரே எனக்கு உதவியாளா இருக்கேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாரே! இல்லைன்னு சொல்லட்டும் பார்க்கலாம்!"

எல்லாருடைய தலையும் மாஸ்டர் பக்கம் திரும்பியது. வண்டியின் நான்கு கதவும் மூடியிருந்தன. வாய் திறந்து இல்லை என்றால் எந்தக் கதவு பேசுமோ தெரியாது. மாஸ்டர் ஒரு மூச்சு இழுத்தார். இடது காலைக் கொஞ்சமாகத் தூக்குகிற மாதிரி, வார்த்தையை நிதானமாக விட்டார்.

"ஆமா, சொன்னேன். பயந்துபோய்ச் சொன்னேன். சொன்னது தப்பு. இப்ப இத்தனை பேர் முன்னால மாத்திச் சொல்றேன். நான் உனக்குக் கீழே வேலை செய்ய மாட்டேன் தம்பி. வேணும்னா உனக்கு வண்டி ஓட்டக் கத்துத் தர்றேன். அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு வந்தா."

டிக்கி பேசவில்லை. பானெட் பேசவில்லை. சொன்னதைச் சொன்னேன் என்பவரிடம் எந்த மூடிக்கும் வேலை இல்லை.

முதலில் கை தட்டியது பல் டாக்டர். பிறகு கூட்டம் மொத்தமும் தட்டியது. மச்சான் சாவியை மாஸ்டர் கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"அண்ணே" என்று மனைவி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "நான் ஓட்டக் கத்துக்கிட்டா லேடீஸ் பேட்ச் எனக்குன்னு…"

"சொன்னேன்மா!" மச்சான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "சொன்னேன்! எல்லாருக்கும் எல்லாம் சொன்னேன்! இன்னும் ஏதாவது சொல்லியிருந்தா அதையும் சொன்னேன்!"

மாஸ்டர் சாவியை மனைவியிடம் நீட்டினார். அவள் ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியை எடுத்தாள், கிளட்ச் மெதுவாக, ஆக்ஸிலேட்டர் அளவாக, ரிப்பனை நெஞ்சால் அறுத்துக்கொண்டு ஓடுகிற பந்தயக்காரி மாதிரி கூட்டத்தின் நடுவே போனாள். மாஸ்டர் ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

*

அடுத்த நாள் மாந்திரீகருக்குக் கடைசி வகுப்பு. மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சார், நீங்க மனுஷனே இல்லை, தெய்வம்! என்ன பொடி சார் அது! ஒரு சின்னப் பொட்டலம் மச்சான் டீயில போட்டேன், டிக்கி என்ன, பானெட் என்ன, அப்படியே புட்டுப் புட்டு வெச்சிருச்சு. இதுல பாருங்க, என் வீட்டுக்காரிக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான் பண்ணின வேலைன்னு தெரிஞ்சா அசந்துடுவா!"

மாந்திரீகர் இண்டிகேட்டர் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார், வண்டியை அலுங்காமல் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"சார், உங்களுக்கு நான் குடுத்தது வெறும் பால் பவுடர், மந்திரத்தை அன்னைக்குக் காலையிலேயே உங்க வீட்டம்மா புருஷனுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணுன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க, அதுக்குக் கூலியாத்தான் எனக்கு இந்த டிரைவிங் கிளாஸே!"